கிளிநொச்சிக்கு எத்தினை இலக்கம்?

"தமிழை நேரா டைப் பண்ணலாம்தானே, பிறகேன் பிள்ளையளுக்கு இலக்கத்தைக் குடுத்து எழுத்துச் செய்யச் சொல்லுறியள்?" எண்டு ஒருத்தர் கேட்டார். கொம்பியூட்டருக்குள்ள ஒவ்வொரு எழுத்தும் இலக்கமாத்தான் கிடக்கும், அந்த இலக்கத்தைத்தான் சொன்னார். எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள், வெளிநாட்டில கன காலமா புரோகிராமிங் வேலை. லீவில வந்து நிண்டவர், கிளிநொச்சியில பரந்தனில நாங்கள் நடத்துற பின்னேரக் கொம்பியூட்டர் வகுப்புக்கும் ஒருக்கா வந்து பிள்ளையளோட கதைச்சிட்டு வெளிக்கிடேக்க கேட்ட கேள்வி இது. மரியாதையாத்தான் கேட்டார், அவரின்ர நியாயமும் சின்னதில்லை. பைதனில சிஎச்ஆர், ஜாவாஸ்கிரிப்டில ஃப்ரொம்கார்கோட், எக்செல் மக்ரோவில சிஎச்ஆர்டபிள்யூ எண்டு நம்பரைக் குடுத்து எழுத்தை வாங்கிற ஃபங்சன் எல்லாம் ஃபைலுக்குள்ள தமிழை வைச்சிருக்கேலாத காலத்தில உயிர் குடுத்த சாமான், இப்ப எந்த எடிட்டரைத் திறந்தாலும் யூடிஎஃப்-8, எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கிற முறை அது, அம்மா எண்டு வேணுமெண்டா அம்மா எண்டே எழுதலாம், அதை 2949, 2990, 3021, 2990, 3006 எண்டு எழுதி வைச்சா அடுத்த வருசம் அந்தக் கோடைத் திறக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும் எண்டார்.

அதில எனக்கு மறுப்பில்லை. ஒரு மெசேஜையோ ஒரு தலைப்பையோ இலக்கமா எழுதி வைக்கச் சொல்லி நான் ஒரு பிள்ளைக்கும் சொல்லுறேல்லை. ஆனா அவர் போனாப் பிறகும் அந்தக் கேள்வி மனசுக்குள்ள கிடந்து உருண்டுகொண்டே இருந்தது, ஏனெண்டா அவர் கேட்டது எழுதிறதைப் பற்றி, நான் படிப்பிக்கிறது பாக்கிறதைப் பற்றி. திரையில தெரியிற தமிழும் உள்ளுக்க கிடக்கிற தமிழும் ஒண்டில்லை. இங்கிலிசில ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான், ஒரு எழுத்துக்கு ஒரு நம்பர், முடிஞ்சுது. அந்த நினைப்போட தமிழுக்கு வாற பிள்ளை எங்கயோ ஒரு இடத்தில கட்டாயம் முட்டுப்படும், முட்டுப்படேக்க என்னத்தில முட்டினது எண்டும் தெரியாது. ஒருக்காவாவது தன்ர கையால இலக்கத்தை அடுக்கி ஒரு சொல்லைக் கட்டிப் பாத்த பிள்ளைக்கு அது தெரியும். இதை நான் உறுதியா நம்புறன், ஏன் எண்டதைத்தான் இஞ்ச எழுதுறன்.

வன்னியை அஞ்சு இலக்கத்தில எழுதிறது

ஓஎல் சோதனைக்குப் படிக்கிற ஐசிடியில, கொம்பியூட்டர் பாடம் அது, எழுத்தையும் எண்ணையும் உள்ளுக்க வைக்கிற முறையள் பிசிடி, ஆஸ்கி, எப்சிடிக், யுனிகோட் எண்டு ஒரு பாடம் கிடக்கு, எல்லாப் பிள்ளையளும் பாடமாக்கியிருக்குங்கள். பெரிய ஏக்கு 65, சின்ன ஏக்கு 97, கேட்ட உடன சொல்லுங்கள். அப்ப எங்கட அனாவுக்கு எத்தினை எண்டு கேட்டா வகுப்பே பேசாமல் இருக்கும். பதில் 2949. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஒரே பட்டியலில இலக்கம் குடுக்கிற யுனிகோட் தமிழுக்கெண்டு ஒதுக்கின இடம் 2944இல இருந்து 3071 வரைக்கும், 128 இடம், அதிலயும் கனக்க வெறுமையாக் கிடக்கு. இதைச் சொல்லிப்போட்டு போர்ட்டில நான் அஞ்சு இலக்கத்தை எழுதுவன்: 2997, 2985, 3021, 2985, 3007. ஒவ்வொண்டாக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொருக்காலும் பிரிண்ட் எடுங்கோ எண்டு சொல்லுவன். முதல் வ வரும். பிறகு வன. மூண்டாவதா 3021ஐச் சேர்த்தா புதுசா ஒரு எழுத்தும் வராது, முன்னால நிண்ட னவில ஒரு குத்து, அதாவது புள்ளி, ஏறி வன் எண்டு மாறும். அதில பிள்ளையள் கொஞ்சம் நிமிருவினம். நாலாவதுக்கு வன்ன, அஞ்சாவதுக்கு வன்னி. எங்கட ஊர்ப் பேரை நாங்கள் மூண்டு எழுத்தெண்டு எண்ணுறம், வ, ன், னி. மெசினுக்கு அது அஞ்சு. லென் எண்டு நீளம் கேட்டா அஞ்செண்டுதான் சொல்லும், ஒரு பிள்ளை கட்டாயம் "சேர், பைதன் பிழையா எண்ணுது" எண்டும், அங்கயிருந்துதான் பாடம் தொடங்கும்.

அடுத்து 2965இல இருந்து 3001 வரைக்கும் ஒரு லூப் ஓடவிடச் சொல்லுவன், கவில தொடங்கி ஹ வரைக்கும். க வரும், பிறகு மூண்டு பெட்டி, பிறகு ங, ச, திருப்பி ஒரு பெட்டி, ஜ, இன்னொரு பெட்டி, ஞ, ட, பிறகு மூண்டு பெட்டி. ஏன் இந்த ஓட்டை? 1991இல யுனிகோடின்ர முதல் பதிப்பிலயே தமிழ் வந்திட்டுது, ஆனா அந்த அடுக்கு இந்தியாவில 1988இல வந்த இஸ்கி எண்ட எழுத்துத் தரத்தை ஒட்டினது, இஸ்கி எல்லா இந்திய எழுத்துக்கும் ஒரே வரிசையை வைச்சுது, ஹிந்தியில கவுக்குப் பிறகு இன்னும் மூண்டு ககரம் இருக்கு, எங்களுக்கு இல்லை, அதால அந்த மூண்டு இடமும் வெறுமை. ஹிந்தி க 2325, அதோட 640ஐக் கூட்டினா எங்கட 2965. இதைக் கண்டுபிடிச்ச உடன பிள்ளையள் மற்ற எழுத்துகளுக்கும் 640ஐக் கூட்டிக் கூட்டிப் பாக்கத் தொடங்கீடுவினம், அந்த நேரம் நான் ஒண்டும் சொல்லாமல் விட்டிடுவன். சிங்களத்துக்கு இந்தக் கணக்குச் சரிவராது, அது பேந்து 1999இல தனக்கெண்டு ஒரு ஒழுங்கோட வந்தது.

பிறகு விகடகவி. முன்னால வாசிச்சாலும் பின்னால வாசிச்சாலும் ஒண்டு எண்டு சின்ன வகுப்பிலயே படிச்ச சொல். எந்தப் புரோகிராமிங் புத்தகத்திலயும் சொல்லைத் திருப்பிப் பாத்து ஒண்டா எண்டு கேக்கிற பயிற்சி ஒண்டு வரும், அதே கோடை அப்பிடியே எடுத்து விகடகவியைக் குடுத்தா இல்லையெண்டு சொல்லும். ஏன் எண்டு இலக்கத்தைப் போட்டுப் பாத்தாத்தான் தெரியும்: 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007. திருப்பினா முதல் 3007 வருது, தாங்கிறதுக்கு ஒரு எழுத்தில்லாமல் தனிய ஒரு விசிறி, இகரத்தின்ர குறி, புள்ளி வட்டத்தோட. இலக்கங்களை முதல்ல எழுத்தெழுத்தாக் கூட்டி, 3006க்கும் 3021க்கும் இடையில வாறதை முன்னால நிக்கிற எழுத்தோட ஒட்டி, பேந்துதான் திருப்பவேணும். அப்பிடி எழுதின கோட் பெரிசா ஒண்டுமில்லை, பத்துப் பதினைஞ்சு வரிதான், ஆனா அதை எழுதினாப் பிறகு அந்தப் பிள்ளை தமிழ்ச் சொல்லொண்டைப் பாக்கிற பார்வையே வேற.

பெட்டியும் கேள்விக்குறியும்

இன்னொண்டும் சொல்லவேணும், அலுவலகங்களில வேலை செய்யிற ஆக்களுக்கு இது உதவும். தமிழ் ஒழுங்கா வரேல்லை எண்டு சனம் ஒரே வசனத்தில சொல்லுற விசயம் உண்மையில மூண்டு விதம். பெட்டி பெட்டியா வந்தா பயப்பிடத் தேவையில்லை, இலக்கம் எல்லாம் சுகமாக் கிடக்கு, அதைக் கீறுறதுக்கு ஃபொன்ட் இல்லை, அவ்வளவுதான். ஐரோப்பிய எழுத்துகள் கொம்பும் குத்துமா கூட்டமா வந்தா அதுவும் திருத்தலாம், யூடிஎஃப்-8இல எங்கட ஒவ்வொரு குறிக்கும் மூண்டு பைட், அனா எண்டா 224, 174, 133, அந்த மூண்டையும் மூண்டு தனி எழுத்தா ஆரோ வாசிச்சிருக்கினம், சரியான மாதிரி வாசிச்சா திரும்பி வரும். ஆனா கேள்விக்குறி வரிசையா வந்தா, அதுவும் சேவ் பண்ணின ஃபைலுக்குள்ளயே அப்பிடி இருந்தா, அங்க இருக்கிறது 63, 63, 63. வ இருந்த இடத்திலயும் 63, ம இருந்த இடத்திலயும் 63. அதைத் திருப்பி எடுக்க ஒருத்தராலயும் ஏலாது. எக்செலில மக்ரோ எழுதிற ஜன்னலுக்குள்ள தமிழை டைப் பண்ணினா இதுதான் நடக்கும், அங்க இண்டைக்கும் சிஎச்ஆர்டபிள்யூ போட்டு இலக்கத்திலதான் தமிழை எழுதவேணும். சும்மா சிஎச்ஆர் போட்டாலும் சரிவராது, அது 255ஓட நிண்டிடும். டேட்டாபேஸ் சிலதிலயும் இதே சிக்கல், தமிழ் வசனத்துக்கு முன்னால N எண்ட இங்கிலிஸ் எழுத்தைப் போட மறந்தா முழுக்கக் கேள்விக்குறி. வித்தியாசம் தெரியாத ஆள் பெட்டியைக் கண்டு பயந்து முழுப் பட்டியலையும் அழிச்சிட்டுத் திருப்பி டைப் பண்ணத் தொடங்குது, கேள்விக்குறி ஃபைலை வைச்சுக்கொண்டு ஃபொன்ட் தேடி அலையுது. நான் ரெண்டையும் கண்ணால கண்டிருக்கிறன்.

பட்டியலில இல்லாத பேர்

இப்ப நான் சொல்ல வந்த விசயம். எங்கட பக்கத்துக் கமக்காரர் அமைப்பொண்டு சிறுபோகத்துக்குப் பட்டியல் ஒண்டு சரி பண்ணித் தரச் சொல்லிக் கேட்டது. வெளியில இருக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லில சொல்லுறதெண்டா, வருசத்தில நெல்லு ரெண்டு போகம், காலபோகத்துக்கு மழை இருக்கு, சிறுபோகத்துக்குக் குளத்தில நிக்கிற தண்ணியைப் பாத்துத்தான் இவ்வளவு ஏக்கர் எண்டு பங்கு பிரிக்கிறது, அந்தப் பங்கு பட்டியலில பேர் இருக்கிற ஆளுக்குத்தான். ரெண்டு பட்டியல் இருந்தது. ஒண்டு பழைய அங்கத்தவர் பட்டியல், பாமினி எண்ட பழைய ஃபொன்டில டைப் பண்ணி வைச்சிருந்து பேந்து ஆரோ யுனிகோடுக்கு மாத்தினது. மற்றது போனில ஒவ்வொரு வீடா எடுத்த புதுப் பட்டியல். ரெண்டிலயும் இருக்கிற பேரைச் சேர்த்து, ஒண்டில மட்டும் இருக்கிற பேரைத் தனியா எடுக்கவேணும். எங்கட ஏஎல் பெடியன் ஒருத்தன் பைதனில அதைச் செய்து பொதுநோக்கு மண்டபத்துக்கு லப்டொப்போட கொண்டு வந்திருந்தான்.

பேரை வாசிக்கத் தொடங்கினாப் பிறகு முன் வரிசையில இருந்த ஒரு அம்மா எழும்பினா. "தம்பி, என்ர பேர் வாசிக்கேல்லையே மோனே. நான் துவக்கத்தில இருந்து அங்கத்தவர்." பெடியன் பழைய பட்டியலைத் திறந்து பாத்தான், இருக்குது. புதுப் பட்டியலைப் பாத்தான், அதிலயும் இருக்குது. அவவின்ர முழுப் பேரை நான் இஞ்ச எழுதேல்லை, யோ எண்டு தொடங்கும், அது போதும். ரெண்டு ஜன்னலையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தம், ஒரு குத்துக்கூட வித்தியாசமில்லை. ஆனா பெடியன் எழுதின ஸ்கிரிப்ட், அந்தப் பைதன் புரோகிராம், ரெண்டும் வேற ஆள் எண்டு சொல்லுது. அந்த அம்மா பெடியனுக்குப் பக்கத்தில வந்து நிண்டு திரையைப் பாத்து, "இஞ்ச கிடக்குது, அங்கயும் கிடக்குது, பிறகென்ன இல்லையெண்டுது?" எண்டு கேட்டா. அவவுக்குக் கோபமில்லை, ஆனா குரல் இறங்கிப் போச்சு. பட்டியலில பேர் இல்லை எண்ட சொல்லு வன்னியில ஒரு ஆளை என்ன செய்யும் எண்டதை நான் இஞ்ச உள்ள ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. நிவாரணத்துக்கு, வீட்டுத்திட்டத்துக்கு, காணிக்கு, காணாமல் போன பிள்ளைக்கு எண்டு எத்தினை பட்டியலுக்கு முன்னால நிண்ட சனம்.

அங்கத்தவர் இல்லையெண்டு ஸ்கிரிப்ட் ஒதுக்கின மற்றப் பேரையும் பெடியன் மேல இருந்து கீழ ஒருக்கா வாசிச்சுப் பாத்தான். பொன் எண்டு தொடங்கிற பேர், கோ எண்டு தொடங்கிற பேர், நடுவில மோ வாற பேர், லோ வாற பேர். "சேர், விடுபட்ட எல்லாத்திலயும் ஒரு கொம்பும் ஒரு அரவும் கிடக்கு" எண்டான். கொம்பு எண்டா எழுத்துக்கு முன்னால தெரியிற ெ, ே, அரவு எண்டா பின்னால தெரியிற ா. சொல்லிக்கொண்டே ஓஆர்டியைப் போட்டு, சிஎச்ஆருக்கு எதிர்ப்பக்கம் அது, எழுத்தைக் குடுத்தா இலக்கத்தைத் தரும், ரெண்டு பட்டியலில இருந்தும் அந்த அம்மாவின்ர முதல் எழுத்தைப் பிரிச்சான். புதுசில 2991, 3019. பழசில 2991, 3015, 3006. அவ்வளவுதான். ஒண்டில யகரமும் ஓகாரக் குறியும், மற்றதில யகரம், ஒரு இரட்டைக் கொம்பு, ஒரு அரவு. திரையில ரெண்டும் ஒரே யோ.

ஏன் அப்பிடி வந்தது எண்டா பாமினியாலதான். பாமினி உண்மையில இங்கிலிஸ் இலக்கத்துக்கு மேல தமிழ்ப் படத்தைக் கீறி வைச்ச ஃபொன்ட். அதில தமிழ் எண்ட சொல்லு 106, 107, 112, 111, 59, அதாவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஃபொன்ட் இல்லாத கொம்பியூட்டரில திறந்தா அந்த இங்கிலிஸ் எழுத்துகள் அப்பிடியே தெரியும், எங்கட தலைமுறை அதையும் வாசிக்கப் பழகினது. யுனிகோடில அதே சொல்லு 2980, 2990, 3007, 2996, 3021. இதுக்கு நேருக்கு நேர் மாத்தினாப் போதும். ஆனா கொம்பு வந்தா அப்பிடி முடியாது, பாமினியில கையால எழுதிற மாதிரி முதல் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு அரவு, யுனிகோடில எழுத்துத்தான் முதல். மாத்திற ஆள் கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால வைச்சா பாதி வேலை முடிஞ்சுது, அந்தக் கொம்பையும் அரவையும் ஒண்டாக்கி 3018 எண்டோ 3019 எண்டோ எழுதினாத்தான் மிச்சப் பாதி. அந்தப் பட்டியலை மாத்தின ஆள் ஆரோ, எந்தக் கொன்வேட்டரோ, முதல் பாதியோட விட்டிருக்குது.

அதுவும் ஒரு விதத்தில பிழையெண்டு சொல்லேலாது, ரெண்டு அடுக்கும் ஒண்டுதான் எண்டு யுனிகோட் விதியே சொல்லுது, ஒப்பிட முதல் எல்லாத்தையும் ஒரு வடிவத்துக்குக் கொண்டு வா எண்டும் சொல்லுது. பைதனில யுனிகோட்டேட்டா எண்டு ஒண்டை எடுத்து நோர்மலைஸ் பண்ணி என்எஃப்சி எண்டு குடுத்தா 3015உம் 3006உம் சேர்ந்து 3019 ஆகீடும். பெடியன் அந்த ஒரு வரியை அங்கயே இருந்து சேர்த்து ஓடவிட்டான், ஒதுக்கின பேரில கனக்க உள்ளுக்க வந்திட்டுது, அந்த அம்மாவின்ர பேரும் வந்திட்டுது. வாசிக்கேக்க அவ "ஓம்" எண்டு சத்தமாச் சொன்னா.

வீட்ட வந்து நான் எங்கட மாவட்டத்தின்ர பேரையே போட்டுப் பாத்தன். கிளிநொச்சி. கி, ளி, நொ, ச், சி எண்டு அஞ்செழுத்து. ஒழுங்கா எழுதினா 2965, 3007, 2995, 3007, 2984, 3018, 2970, 3021, 2970, 3007, மொத்தம் பத்து. கொம்பும் அரவும் பிரிஞ்சு கிடந்தா பதினொண்டு. அந்த ரெண்டில எந்த கிளிநொச்சியால தேடுறம் எண்டதில இருக்குது மற்ற கிளிநொச்சியில பதிஞ்ச ஆக்கள் எல்லாரும் அம்பிடுறதும் அம்பிடாமல் போறதும். முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் மன்னாருக்கும் இந்தச் சிக்கல் இல்லை, வன்னி மாவட்டங்களில கொம்பும் அரவும் சேர்ந்து வாறது எங்கட பேரிலதான்.

நேரா டைப் பண்ணினா இந்தக் கரைச்சல் இல்லைத்தானே எண்டு அந்த நண்பர் சொல்லுவார். நேரா டைப் பண்ணின பட்டியல்தான் புதுப் பட்டியல். அதில கூட ஒரு சில பேருக்கு நடுவில 8204 எண்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கிடந்தது, எங்கயோ இருந்து கொப்பி பண்ணி ஒட்டேக்க கூட வந்தது. எக்செலில இருந்து எடுத்த ஃபைலுக்கு முதல் எழுத்துக்கு முன்னால 65279 எண்டு இன்னொண்டு, அதால முதலாவது வரி எதோடயும் பொருந்தாமல் நிண்டது. இதுகளைக் கண்ணால பிடிக்கேலாது. இலக்கமாப் பிரிச்சுப் பாக்க ஒரு கையும், அந்த இலக்கம் என்னெண்டு ஒரு பழக்கமும் வேணும். அந்தப் பெடியனுக்கு அது இருந்ததுக்குக் காரணம் அவன் வன்னியையும் விகடகவியையும் முதல் கிழமையே இலக்கத்தால கட்டினவன். இதுதான் அந்தக் கேள்விக்கு என்ர மறுமொழி.

முறிகண்டி முதலோ கடைசியோ

பட்டியல் எண்டா அடுத்தது அகர வரிசை. கொம்பியூட்டரிட்ட வரிசைப்படுத்து எண்டு சும்மா சொன்னா இலக்கத்தைப் பாத்துத்தான் அடுக்கும். முல்லைத்தீவு, முழங்காவில், முள்ளியவளை, முறிகண்டி, இது நாங்கள் படிச்ச வரிசை, ய ர ல வ ழ ள ற ன. பைதன் அடுக்கித் தந்தது முறிகண்டி, முல்லைத்தீவு, முள்ளியவளை, முழங்காவில். ஏனெண்டா ற 2993, ல 2994, ள 2995, ழ 2996. முறிகண்டிப் பிள்ளையார் முன்னுக்கு வாறது நல்லதுதான் எண்டு ஒரு பிள்ளை சொல்லிச்சுது, எல்லாரும் சிரிச்சம். னகரம் இன்னும் மோசம், நகரத்துக்கு அடுத்ததா 2985இல நிக்குது, எங்கட நெடுங்கணக்கில அதுதான் கடைசி. குத்தும் அப்பிடித்தான், அகராதியில அகத்துக்கு முதல் அக்கா வரவேணும், குத்தின்ர இலக்கம் 3021 எண்டு பெரிசா இருக்கிறதால அகம் முதல் வந்திடுது. தமிழ் வரிசை தெரிஞ்ச லைப்ரரியள் இருக்கு, அதைப் பாவிச்சா சரிவரும், ஆனா முதல் இது பிழையெண்டு ஒரு ஆள் கண்டுபிடிக்கவேணுமே. வாக்காளர் இடாப்பு மாதிரி நீளமான பட்டியலில கையால தேடுற ஆள் முறிகண்டியை மு வரிசையின்ர கடைசியில தேடிப்போட்டு இல்லையெண்டு விட்டிடும்.

எழுபதுக்குள்ள ஒரு எச்சரிக்கை

போன வருசத்துப் பிள்ளையள் தண்ணி மட்டம் பாக்கிற ஒரு புரொஜெக்ட் செய்தவை, சென்சர் ஒண்டு, சிம் போட்டு மெசேஜ் அனுப்பிற ஜிஎஸ்எம் மொடம் ஒண்டு, மட்டம் கூடினா எஸ்எம்எஸ் போகும். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட பிள்ளையள், அதால அந்த எண்ணம் அவைக்குத் தானா வந்தது. மெசேஜ் இங்கிலிசில போனா ஆர் வாசிக்கிறது எண்டு தமிழிலதான் அனுப்பவேணும் எண்டு நிண்டினம். மொடத்துக்குத் தமிழை நேரா எழுதிக் குடுக்கேலாது, ஒவ்வொரு குறியின்ர இலக்கத்தையும் பதினறும எண்ணில, அதாவது பதினாறை அடியா வைச்ச எண் முறையில, நாலு நாலு இலக்கமா மாத்தி ஒரு நீளமான சங்கிலியாக் குடுக்கவேணும். நேரா டைப் பண்ணலாம்தானே எண்ட கதை இஞ்ச எடுபடாது. பாடத்தில மட்டும் படிச்ச பதினறுமம் அந்த மேசையில வேலைக்கு வந்தது.

அதோட இன்னொரு கணக்கு. இங்கிலிஸ் எஸ்எம்எஸ் ஒண்டில 160 எழுத்துப் போகும், தமிழ் எண்டா 70, நீளமாகி ரெண்டு மூண்டாப் பிரிஞ்சா ஒண்டுக்கு 67தான். அந்த எழுபதும் எங்கட எழுத்தில்லை, குறி. இரணைமடு எண்டு அஞ்செழுத்து எழுதினா ஏழு போட்டுது. முதல் தரம் பிள்ளையள் எழுபதாவது இடத்தில கத்தரிச்சு ரெண்டு மெசேஜா அனுப்பேக்க வெட்டு சரியா நகரத்துக்கும் அதின்ர கொம்புக்கும் நடுவில விழுந்துது. முதல் மெசேஜ் கிளிந எண்டு முடிஞ்சுது, ரெண்டாவது புள்ளி வட்டத்தில தொங்கின கொம்போடயும் அரவோடயும் தொடங்கிச்சுது. பேந்து, வெட்டுற இடத்துக்கு அடுத்த இலக்கம் 3006இல இருந்து 3021க்குள்ள எண்டா ஒரு இடம் பின்னுக்கு வா எண்டு ஒரு வரி எழுதிச் சரி பண்ணினம். விகடகவிக்கு எழுதின அதே வரிதான்.

கௌதாரிமுனை

என்எஃப்சியோட எல்லாம் முடிஞ்சுதெண்டு நான் சொல்லமாட்டன். பூநகரிக்கு அங்கால இருக்கிற கௌதாரிமுனையை எங்கட ஆக்கள் கனபேர் கொம்பு போட்டு, க போட்டு, பக்கத்தில ளகரத்தைப் போட்டு எழுதினம், பாக்க ஒண்டு மாதிரித்தான் கிடக்கும். ஆனா 2965, 3020 எண்டு வரவேண்டிய இடத்தில 2965, 3014, 2995 வரும், இது வேற சொல்லு, எந்த நோர்மலைசேசனும் இதைச் சேர்க்காது, சேர்க்கவும் கூடாது. ஔவையாரை ஒகரமும் ளகரமுமா எழுதிறதும் இதே கதை. ஸ்ரீ எண்டு பேரில வாற ஆக்களுக்கு இன்னொரு சிக்கல், 3000இல தொடங்கிற ஸ்ரீயும் இருக்கு, 2005இல சேர்த்த 2998இல தொடங்கிற ஶ்ரீயும் இருக்கு, கன ஃபொன்டில ரெண்டும் ஒரே படம்.

கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தா ஔகாரக் குறியா மாத்திவிடு எண்டு ஒரு பிள்ளை முதல்ல எழுதினா. அது வெள்ளாங்குளத்தையும் சேர்த்து உடைச்சுப் போட்டுது. பிறகு அவவே இருந்து யோசிச்சு, ளகரத்துக்கு அடுத்த இலக்கத்தையும் பாக்கவேணும், அது 3006க்கும் 3021க்கும் இடையில எண்டா அந்த ளகரம் உண்மையான ளகரம், தொடாதே, இல்லையெண்டா மாத்து எண்டு திருத்தினா. வெள்ளாங்குளத்தில அடுத்தது 3021, தப்பீட்டுது. தெளிவில அடுத்தது 3007, அதுவும் தப்பீட்டுது. கௌதாரிமுனையில அடுத்தது தகரம், 2980, மாறிட்டுது. எனக்கு அதைப் பாக்க அவ்வளவு சந்தோசம், இலக்கணத்தில படிச்ச ஒரு விசயத்தை ஒரு பிள்ளை ரெண்டு இலக்கத்துக்கு நடுவில வைச்சுப் பிடிச்சிருக்கிறா. பேச்சுத்தமிழில வெளங்குது எண்டு எழுதிற ஆக்களின்ர சொல்லை மட்டும் அந்த விதி பிழையா மாத்தும், ஆள் பேரிலயும் அப்பிடி ஏதும் வராதெண்டு ஆரும் உறுதி சொல்லேலாது.

அதால இப்ப அமைப்புக்குக் குடுத்திருக்கிற ஸ்கிரிப்ட் இப்பிடித்தான் வேலை செய்யிது: யோவும் நொவும் மாதிரி விதியில ஒண்டெண்டு இருக்கிறதை அது தானாச் சேர்க்கும், 8204ஐயும் 65279ஐயும் எடுத்துவிடும். கௌ, ஸ்ரீ மாதிரி சந்தேகமான பேரை மாத்தாது, ஒதுக்கவும் மாட்டுது, ரெண்டு எழுத்தையும் ரெண்டின்ர இலக்கத்தையும் பக்கத்தில பக்கத்தில போட்டு தனிய ஒரு ஷீட்டில எடுத்து வைக்கும். செயலாளர் அந்த ஷீட்டைக் கொண்டு போய் வீட்டுக்காரரைக் கேட்டு, அடையாள அட்டையில எப்பிடிக் கிடக்கு எண்டு பாத்துத் திருத்துறார். வாசிக்கிற பட்டியல் அதுக்குப் பிறகுதான் பிரிண்ட் ஆகும்.